ஊசி வெளியே வரும், உணரி உள்ளே தங்கும்

கும்பகோணத்தில் என் சித்தியின் மேல்கையில், சர்க்கரை அளவைத் தொடர்ந்து காட்டும் சென்சாரை முதன்முறையாகப் பொருத்தியபோது நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கைக்குள் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் கருவியைத் தோலின்மீது வைத்து அழுத்தினார்கள். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கருவியை எடுத்தபோது, கையில் வட்டமான வில்லை ஒன்று ஒட்டியிருந்தது. கழற்றிய கருவியைத் திருப்பிப் பார்த்தால் அதற்குள் ஒரு ஊசி இருந்தது. அந்த ஊசி ஒரு நொடியில் தோலுக்குள் போய், தான் சுமந்து சென்ற இழையை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பி வந்திருந்தது. உள்ளே தங்கியது, சுமார் அரை சென்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய இழை மட்டும். "குத்தினதே தெரியல" என்றார் சித்தி.

அடுத்த சில நாட்களில், திருவையாற்றுப் பக்கம் ஒரு வாழைத்தோட்டத்தில் மண்ணின் ஈரத்தைக் காட்டும் உணரியை, அதாவது சென்சாரை, பதிப்பதைப் பார்த்தேன். மண்வெட்டியால் ஒன்றரை அடிக்குக் குழி வெட்டினார்கள். உணரியை உள்ளே வைத்து, வெட்டிய மண்ணையே தள்ளி மூடி, காலால் மிதித்துவிட்டார்கள். தண்ணீர் கட்டிய அன்று அந்த உணரி மண் முழுவதும் நனைந்துவிட்டதாகச் சொன்னது. மூன்றாம் நாளே காய்ந்துவிட்டதாகச் சொன்னது. பக்கத்தில் நான்கடி தள்ளிக் கையால் தோண்டிப் பார்த்தால், மண் உருண்டை பிடிக்கும் அளவுக்கு ஈரமாகவே இருந்தது. உணரி பொய் சொல்லவில்லை. அது தன்னைச் சுற்றியிருந்த பொலபொலத்த குழிமண்ணின் ஈரத்தைச் சரியாகவே சொல்லியது. வாழை வேர் இருந்ததோ வேறு மண்ணில்.

இந்த இரண்டு காட்சிகளுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றியதே இக்கட்டுரை. மனித உடலுக்குள் ஒரு பொருளைச் சேதமில்லாமல் கொண்டுபோய் வைப்பதற்கு மருத்துவம் பல பத்தாண்டுகளாக வளர்த்தெடுத்த செலுத்துமுறைகளை, மண்ணிலும் பயிரிலும் நீரிலும் உணரிகளைப் பதிப்பதற்கு எப்படிப் பயன்படுத்தலாம் என்பதை, முதன்முறையாகக் கேள்விப்படுபவருக்கும் புரியும்படி சொல்ல முயல்கிறேன். உணரிகளின் விலையைப் பற்றியும் துல்லியத்தைப் பற்றியும் நிறையப் பேசுகிறோம். அவற்றை உள்ளே வைக்கும் விதத்தைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகிறோம். டெல்டாவின் களிமண்ணில் பாதிச் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது என்பது என் கருத்து.

மருத்துவத்தில் இதன் அடிப்படை மிக எளிமையானது. 1953-இல் ஸ்வீடன் நாட்டுக் கதிரியக்க மருத்துவர் ஸ்வென் இவார் செல்டிங்கர் ஒரு வழியை வெளியிட்டார். இரத்தக் குழாயை வெட்டித் திறக்காமல், முதலில் ஒரு ஊசியைச் செலுத்த வேண்டும். ஊசியின் உள்ளோட்டம் வழியே வளையும் தன்மையுள்ள கம்பி ஒன்றை அனுப்ப வேண்டும். பிறகு ஊசியை உருவிவிட்டு, அந்தக் கம்பியின் மேலேயே கதீட்டர் என்னும் மென்குழாயை ஏற்றி உள்ளே கொண்டுபோக வேண்டும். இன்று நம் ஊரில் யாருக்காவது 'ஆஞ்சியோ' செய்தார்கள் என்றால், அங்கே நடப்பது பெரும்பாலும் இந்த முறையின் வழிவந்ததுதான். பெரிய பொருளுக்குப் பெரிய வாசல் வெட்டாமல், சிறிய வாசலில் தொடங்கி, வழியை உறுதி செய்துகொண்டு, படிப்படியாக உள்ளே போவது இதன் சாரம்.

இதைவிட நமக்கு நெருக்கமான பாடம், கருத்தடைக்காகப் பெண்களின் மேல்கையில் தோலுக்கடியில் வைக்கும் சிறு குச்சியில் இருக்கிறது. சுமார் 4 சென்டிமீட்டர் நீளமும் 2 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட அந்தக் குச்சி, உள்ளீடற்ற ஊசி ஒன்றுக்குள் முன்கூட்டியே ஏற்றப்பட்டிருக்கும். ஊசி தோலுக்கடியில் முழுவதும் போன பிறகு, மருத்துவர் குச்சியை முன்னோக்கித் தள்ளுவதில்லை. குச்சியை உள்ளிருக்கும் ஒரு தண்டு அசையாமல் பிடித்துக்கொள்ள, வெளியுறையான ஊசி மட்டும் பின்னோக்கி உருவப்படுகிறது. குச்சி தான் இருந்த இடத்திலேயே நிற்கிறது. இரத்தக் குழாயை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட்டுகளில் தானாக விரியும் வகையையும் இப்படித்தான் உறையை இழுத்து விடுவிக்கிறார்கள். பொருளைத் தள்ளினால் அது வளையும், நுனி சேதமாகும், எதிரிலுள்ள திசுவையும் நசுக்கும். உறையை உருவினால், உறை விட்டுப்போகும் இடத்தைச் சுற்றியுள்ள திசு தானாகவே வந்து பொருளை அணைத்துக்கொள்ளும். மண்ணுக்கு எடுத்துக்கொள்ள வேண்டிய முதல் பாடம் இதுதான்.

வயலில் இது எப்படி இருக்கும்? முனை மூடிய, விரல் தடிமனுள்ள எஃகுக் குழாய் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். அதற்குள் பென்சில் போன்ற உணரி, அதன் தலையைப் பிடித்திருக்கும் ஒரு தண்டு. குழாயை வேண்டிய ஆழத்துக்கு அழுத்தி இறக்கியதும், தண்டை அசையாமல் பிடித்துக்கொண்டு குழாயை மேலே உருவ வேண்டும். கூம்பு வடிவ முனை மட்டும் கழன்று மண்ணிலேயே தங்கிவிடும். நிலத்தடி நீரைக் கண்காணிக்கச் சிறு குழாய்களை இறக்குபவர்கள், இப்படி முனையை மண்ணில் விட்டுவிடும் குழாய்களை ஏற்கெனவே பயன்படுத்துகிறார்கள். குழி வெட்டவில்லை, ஆகையால் பொலபொலத்த மண் இல்லை. வேர்கள் அறுபடுவதும் குறைவு.

ஆனால் உடலும் களிமண்ணும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டில் சற்று நின்று பார்க்க வேண்டும்.

உடலுக்குள் ஒரு வேற்றுப் பொருள் நுழைந்தால், உடல் அதைச் சுற்றி நார்த்திசுவால் உறை ஒன்றை மெல்ல நெய்கிறது. சர்க்கரை சென்சார்கள் காலவரையறையோடு வருவதற்கு இந்த எதிர்வினையும் ஒரு காரணம். உறை தடிக்கத் தடிக்க, சுற்றியுள்ள திரவத்துக்கும் இழைக்கும் இடையிலான பரிமாற்றம் மந்தமாகும். களிமண் இதற்கு நேரெதிராக நடந்துகொள்கிறது. காவிரி, வெண்ணாற்றுப் பாசனத்திலுள்ள பழைய டெல்டாவின் கனத்த களி, நனைந்தால் உப்பும். காய்ந்தால் சுருங்கிக் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அந்த வெடிப்பு, ஏற்கெனவே பலவீனமாக உள்ள இடத்தைத் தேடிப் போகும்; உணரி நிற்கும் இடமே அப்படிப்பட்ட இடம்தான். ஆகவே உடல் அதிகமாக அணைத்துக்கொள்கிறது, களிமண் விலகிப்போகிறது. மண் எவ்வளவு இறுக்கத்தோடு நீரைப் பிடித்திருக்கிறது என்பதை அளக்கும் டென்சியோமீட்டரின் நுண்துளைப் பீங்கான் முனைக்கும் மண்ணுக்கும் நடுவே காற்று நுழைந்துவிட்டால், அந்தக் கருவி காட்டும் எண்ணுக்குப் பொருளே இல்லை. சரியாக இருக்கும்போதுகூட, ஏறத்தாழ 80 கிலோபாஸ்கல் இழுவிசைக்கு மேல் அதற்குள் இருக்கும் நீர்த்தொடர் அறுந்துவிடும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஈரக் களியில் மழமழப்பான குழாயை இறக்கினால், துளையின் சுவரில் மண் பூசி மெழுகியதுபோல் ஆகிவிடும், நுண்துளைகள் அடைபடும். சேற்றுழவு செய்து பரம்படிக்கும்போது நாம் வேண்டுமென்றே செய்வதும் அதுதான்: நீர் கீழே இறங்காமல் தடுக்கிறோம். உணரியைச் சுற்றி அதே பூச்சு தவறுதலாக உருவானால், நீர் அதை எட்டுவதற்குத் தாமதமாகும். அதனால்தான் ஊசி எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நல்லது என்ற மருத்துவ விதி இங்கும் செல்லும். அந்த இடத்து மண்ணையே தண்ணீரில் கூழாகக் கரைத்து முனையைச் சுற்றி ஊற்றும் பழைய வழக்கத்தையும் கைவிடக் கூடாது. புதிய சென்சாரைக் கையில் பொருத்திய முதல் நாளின் அளவுகளை முழுதாக நம்பக் கூடாது என்பார்கள். வயலில் அந்தப் பொறுமை இன்னும் நீள வேண்டும். இரண்டு மூன்று முறை தண்ணீர் பாய்ந்து வடிந்த பிறகு வரும் எண்ணிலிருந்தே கணக்கைத் தொடங்குவது நல்லது. பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கத்துப் புது டெல்டாவின் இளகிய மண்ணில் இந்தத் தொல்லைகள் குறைவு.

நெல்வயலைப் பொறுத்தவரை, இந்தக் கருத்தின் மிக எளிய வடிவம் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டும் முறைக்காக, பக்கவாட்டில் துளைகள் போட்ட சுமார் 30 சென்டிமீட்டர் நீளக் குழாயைப் பாதியளவு சேற்றில் இறக்கி, உள்ளிருக்கும் மண்ணை அள்ளிவிடுகிறோம். அறுவை முடிந்த இடத்தில் நீர் வடிவதற்காக வைக்கும் துளைக்குழாயும் இதே அமைப்புடையது. குழாய்க்குள் தெரியும் நீர்மட்டம், வயலின் மேற்பரப்புக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும்வரை பயிருக்குப் பாதகமில்லை. அதன்பின் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடக் கூடாது. பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய இந்த முறையில் மின்சாரமும் இல்லை, பழுதும் இல்லை. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறக்கும் வழக்கம் தவறிப்போகும் ஆண்டுகளில், குறுவைக்குப் போர்வெல் தண்ணீரை நம்பி நிற்பவருக்கு இந்தக் குழாய் தரும் தகவலே பெரிது. மின்னணு உணரி வாங்க நினைப்பவர், முதலில் ஒரு மா (ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஏக்கர்) நிலத்தில் இந்தக் குழாயை ஒரு போகம் வைத்துப் பார்க்க வேண்டும் என்றே நான் சொல்வேன்.

உணரி உண்மையில் தேவைப்படும் இடம் கடைமடை. நாகப்பட்டினம், வேதாரண்யம் பகுதிகளில் உப்பு மேலிருந்து மட்டும் வருவதில்லை, கீழிருந்தும் ஏறுகிறது. வேர் நிற்கும் ஆழத்தில் உப்பு எவ்வளவு என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. உப்பு கூடக் கூட மண் சாறு மின்சாரத்தை எளிதாகக் கடத்தும். அந்த மின்கடத்துதிறன் மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினால் நெல்லின் விளைச்சல் குறையத் தொடங்கும். நாற்றுப் பருவமும் பூக்கும் பருவமும் மிகவும் மென்மையானவை. இங்கேதான் மருத்துவத்தின் மற்றொரு அனுபவம் உதவுகிறது. மருத்துவமனையில் ஏற்றும் சலைன் 0.9 விழுக்காடு உப்புநீர். அதன் மின்கடத்துதிறன் ஏறத்தாழ 15 டெசிசீமன்ஸ். நம் உடல் திரவமும் அதே அளவு உப்புடையது. அப்படிப்பட்ட உப்புநீருக்குள், இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் ஆண்டுக்கணக்கில் துருப்பிடிக்காமல் உழைக்கிறது என்றால், அதற்குக் காரணம் காற்றும் புகாமல் பற்றவைத்த டைட்டானியக் கூடும், மின்கம்பி வெளியே வரும் வாசலைப் பீங்கான் கொண்டு அடைக்கும் நுட்பமும்தான். கடலோர வயல்களில் உணரிகள் பழுதாவது பெரும்பாலும் அளக்கும் நுனியில் அல்ல. கம்பி உள்ளே நுழையும் அந்த வாசலில்தான் உப்பு முதலில் நுழையும். வாங்கும்போது விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் அந்த இடத்தைப் பற்றியதே.

மண்ணை விட்டுப் பயிருக்குள்ளேயே உணரியைச் செலுத்தும் யோசனை இன்னும் கவர்ச்சியானது. மரத்தண்டில் இரண்டு ஊசிகளைச் செருகி, ஒன்றைச் சூடாக்கி, மற்றொன்றோடு உள்ள வெப்ப வேறுபாட்டைக் கொண்டு சாற்றோட்டத்தைக் கணக்கிடும் முறையை, பிரான்ஸைச் சேர்ந்த ஆந்த்ரே கிரானியே 1985-இல் வெளியிட்டார். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உருவான நுண் டென்சியோமீட்டர், தண்டுக்குள் பதிக்கப்பட்டு, மரம் எவ்வளவு தாகத்தில் இருக்கிறது என்பதை நேரடியாகவே அளக்கிறது. தோலில் வலியின்றி மருந்து செலுத்த உருவாக்கிய நுண்ணூசிகளைப் பட்டுப் புரதத்தால் செய்து, செடியின் சாற்றுக் குழாய்களைக் குறிவைத்துச் செலுத்த முடியும் என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் காட்டினார்கள்.

இவற்றைப் படித்துவிட்டு நம் தோப்புக்குள் துளைக்கருவியோடு நுழைவதற்கு முன் ஒன்றை நினைக்க வேண்டும். திராட்சை, பாதாம், மா போன்றவை இருவித்திலைத் தாவரங்கள். பட்டைக்கு அடியில் கேம்பியம் என்னும் வளர்படலம் இருக்கிறது. அதற்குச் சற்று உள்ளே நீர் ஏறும் திசு வளையமாக அமைந்திருக்கிறது. காயம்பட்டால் அந்தப் படலம் வளர்ந்து மூடும். டெல்டாவின் மூன்று பெரும் பயிர்களான நெல், வாழை, தென்னை ஆகியவை மூன்றுமே ஒருவித்திலைத் தாவரங்கள். அவற்றுக்குக் கேம்பியம் இல்லை. நீர்க்குழாய்க் கற்றைகள் தண்டெங்கும் சிதறிக் கிடக்கின்றன. தென்னையில் போட்ட துளை அந்த மரம் சாயும்வரை மூடாது. போதாக்குறைக்கு, சிவப்புக் கூன்வண்டு முட்டையிடுவதற்குக் காயங்களையே தேடி வரும். வாழையில் நாம் தண்டு என்று சொல்வது இலையுறைகளின் அடுக்கு. அதில் காற்றறைகள் நிறைந்திருக்கும். உண்மையான தண்டு நடுவில், குலை தள்ளும் காலத்தில்தான் மேலே எழும். ஆகவே திராட்சைக்குச் செய்த கருவியை அப்படியே வாழையில் செருகினால், அது எதை அளக்கிறது என்றே சொல்ல முடியாது. மனிதனுக்கான செலுத்துமுறையிலும் எலும்புக்கு ஒன்று, இரத்தக் குழாய்க்கு ஒன்று, தோலுக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கின்றன. பயிருக்கும் அப்படித்தான் இருக்க முடியும்.

தென்னைக்கு ஒரு நல்ல வாசல் நமக்கு முன்பே தெரியும், அது வேர். தஞ்சாவூர் வாடல் நோய்க்கும் வண்டுகளுக்கும் மருந்து கொடுக்க, பென்சில் தடிமனுள்ள உயிருள்ள வேர் ஒன்றைத் தோண்டியெடுத்து, நுனியைச் சாய்வாகச் சீவி, மருந்து நிரப்பிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டுக் கட்டுகிறோம். வேர் நல்லதாக இருந்தால் ஒரு நாளுக்குள் பை காலியாகிவிடும். பேராவூரணிப் பக்கத்தில் ஒரு பெரியவர், பையைக் கட்டிய மறுநாள் காலையில் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இந்த மரம் குடிக்குது, அது குடிக்கல" என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனதைக் கேட்டிருக்கிறேன். கஜா புயலுக்குத் தப்பி நின்ற மரங்கள் அவை. அவர் சொன்னது ஒரு அளவீடு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மரத்தண்டைத் துளைக்காமல், ஆயிரக்கணக்கான வேர்களில் ஒன்றை மட்டும் பயன்படுத்தி, பை காலியாகும் வேகத்தை ஒரு சிறு ஓட்டமானியால் பதிவு செய்தால், மரத்தின் நிலையை அறிய அது ஒரு வழியாகலாம். இது என் யோசனை. பொறியியல் படிக்கும் பிள்ளைகள் யாராவது செய்து பார்த்தால் மகிழ்வேன்.

மின்சாரத்தையும் தகவல் அனுப்புவதையும் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நனைந்த மண் வானொலி அலைகளை விழுங்கும். அளக்கும் நுனியை மட்டும் உள்ளே விட்டு, மின்கலத்தையும் ஆன்டெனாவையும் வெளியே, பயிரின் உயரத்துக்கு மேல், வரப்பில் நட்ட கம்பத்தில் வைப்பதே சரி. சித்தியின் கையில் இழை உள்ளேயும் வில்லை வெளியேயும் இருப்பதுபோல. இந்தியாவில் உரிமமின்றிப் பயன்படுத்தக்கூடிய 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில், குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் தகவல் அனுப்பும் லோரா கருவிகள் இதற்குப் போதும். கம்பியை எலியும் நண்டும் கடிக்காமல் இரும்புக் குழாய்க்குள் விடுங்கள்.

கடைசியாக, எனக்கு மிகவும் கவலை தரும் பகுதிக்கு வருகிறேன். கால்நடைகளுக்கும் நாய்களுக்கும் அடையாளத்துக்காகத் தோலுக்கடியில் செலுத்தும் சில்லு, அரிசிமணியைவிடச் சற்றுப் பெரிய, ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் நீளமுள்ள கண்ணாடிக் குப்பிக்குள் இருக்கிறது. ஊசியில் ஏற்றிச் செலுத்துவதற்கு இதைவிட எளிய வடிவம் இல்லை என்பதால், வயலிலும் இதைத் தூவிவிடலாம் என்று தோன்றும். நெல்வயலில் அதைச் செய்யவே கூடாது. நடவுக்கும் களையெடுப்புக்கும் பெண்கள் வெறுங்காலோடு அந்தச் சேற்றில்தான் இறங்குகிறார்கள். சேற்றில் ஓட்ட டிராக்டருக்கு மாட்டும் இரும்புச் சக்கரமான கேஜ் வீல் ஏறி உடைத்த கண்ணாடித் துண்டு, அடுத்த போகத்தில் யாரோ ஒருவரின் பாதத்தில் ஏறும்.

தானே கரைந்துவிடும் பொருளில் செய்யலாமே என்பார்கள். அறுவைத் தையலில் கரையும் நூல்கள் இருப்பது உண்மை. நீரில் கரைந்துபோகும் மின்சுற்றுகளை அமெரிக்க விஞ்ஞானி ஜான் ராஜர்ஸ் குழுவினர் 2012-இல் பட்டுப் புரதத்தையும் மக்னீசியத்தையும் கொண்டு செய்து காட்டியதும் உண்மை. ஆனால் உடல் எப்போதும் 37 டிகிரியில், எப்போதும் ஈரமாக இருக்கிறது. 'மக்கும்' என்ற பெயரில் விற்கப்படும் பாலிலாக்டிக் அமிலப் பிளாஸ்டிக், 60 டிகிரியை நெருங்கும் உரக்கிடங்கின் வெப்பத்தில்தான் வேகமாகச் சிதையும். சாதாரண வயல் மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். மின்கலத்தையோ கரைக்கும் வழியே இல்லை.

அறுவை அரங்கில், வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன் செவிலியர் பஞ்சையும் கத்தியையும் கத்தரிக்கோலையும் எண்ணிச் சொல்வார். உள்ளே போன கணக்கும் வெளியே வந்த கணக்கும் ஒத்துப்போகாமல் தைக்க மாட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரு விவசாயி, ஒரு வேலி (இருபது மா) நிலத்தில் எட்டு உணரிகளை நடவுக்குப் பிறகு இறக்கினார். ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்பு நைலான் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையை வரப்பு முளையில் முடிந்து, முளையில் எண்ணும் எழுதிவைத்திருந்தார். அறுவடை இயந்திரம் வருவதற்கு முந்தைய நாள், வயலை வடியவிட்டபின், மகனும் அவருமாக ஒவ்வொரு முளையாகப் போய் உருவி எடுத்தார்கள். ஏழு வந்துவிட்டது. எட்டாவது முளையின் கயிற்றை எலி அறுத்திருந்தது. அந்த ஒன்றைத் தேடி எடுக்க ஒரு மதியம் முழுவதும் கையால் சேற்றைத் துழாவினார்கள். எட்டும் வரப்பில் வரிசையாகக் கிடந்த பிறகே, இயந்திரத்துக்காரருக்குப் போன் செய்து காலையில் வரச் சொன்னார்.